முயலுக்கு ஒரு கோபக் காது

அன்று பகல் பதினொன்றரை மணிக்குக் கறார் ஒரு சபதம் எடுத்தார். இனித் தம் வீட்டு வாசற்படியை நூல் என்று ஒரு வஸ்து தாண்டக் கூடாது. ஓர் இழைகூட. சட்டையில் பொத்தான் அறுந்தால் ஊக்கைக் குத்திக்கொண்டு போகிறேன், கேட்பவன் கேட்கட்டும்.

கறார் என்பது அவர் பெயர் அல்ல. பெயரைக் கடைத்தெரு மறந்து முப்பது வருஷம் ஆகிறது. பழைய மரச்சாமான் வாங்கி விற்கிற கடை. தலையில் நாற்காலியைச் சுமந்து தெருத் தெருவாக விற்று மேலே வந்த மனிதர். படிப்பெல்லாம் ஏமாந்து ஏமாந்து படித்ததுதான். முதல் தடவை ஏமாந்தபோது அழுதார். இரண்டாம் தடவை கத்தினார். கத்தினால் காரியம் நடக்கிறது என்று கண்டுகொண்டார். அதற்குப் பிறகு கத்துவதை நிறுத்த அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

சபதத்துக்குக் காரணம் ஒரு பல் டாக்டர். வருகிறவர்கள் உட்கார ஒரு நீள பெஞ்சு வேண்டும் என்று வந்தார். பேரம் உச்சத்தில் நின்றது. கறார் மீசையை ஒரு முறுக்கு முறுக்கி, "இதுக்கு மேல ஒரு பைசா குறையாது!" என்று உறுமினார். எதிராளி நடுங்க வேண்டிய இடம் அது. முப்பது வருஷமாக எல்லாரும் அங்கேதான் நடுங்கினார்கள். பல் டாக்டர் சிரித்தார்.

"என்ன சார் சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. மீசையில ரோஸ் கலர்ல ஏதோ பூத்திருக்கு."

பக்கத்துக் கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். அவரும் சிரித்தார். கறார் கையை வைத்துப் பார்த்தார். பொசுபொசுவென்று ஒரு நூல் கொத்து, மீசையின் வலது நுனியில், மாட்டிவிட்டது போல. சிரிக்கிறவனிடம் பேரம் பேச முடியாது. பெஞ்சு டாக்டர் சொன்ன விலைக்கே போயிற்று. கறார் கடையைச் சாத்திவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். நடை என்றால் அப்படி ஒரு நடை. தெரு நாய் இரண்டு ஒதுங்கிக்கொண்டன.

இந்த நூல் வீட்டுக்குள் வந்து பத்து மாதம் ஆகிறது. மகள் பேச்சை நிறுத்தியும் அதே பத்து மாதம்தான்.

அந்தக் கதை இதுதான். மகளுக்கு நிறைமாதம். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை, பிறக்கப் போகிற குழந்தைக்கு ஒரு மரத் தொட்டில் வாங்கிவந்தார். ஒட்டியிருந்த சீட்டில் என்ன விலையோ அதையே கொடுத்து. கறார் சீட்டைப் படித்தார். "கேட்ட விலையைக் கொடுத்தீங்களா? இப்படி ஒரு ஏமாளியையா என் பொண்ணு தலையில கட்டினேன்!" என்று வீடு அதிரக் கத்தினார். அதோடு விட்டாரா? தொட்டிலைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கே போய், விலையைக் குறை என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார். கடைக்காரர் கும்பிடு போட்டு, முழுப் பணத்தையும் கையில் திணித்து, தொட்டிலை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார். மறுநாள் குழந்தை பிறந்தது. பேத்தி தொட்டில் இல்லாத வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

மகள் சொன்னது ஒரே வார்த்தை. "என் வீட்டுக்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. குறைச்சுக் கேக்காதீங்க."

கறார் விலையைக் குறைத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டதில்லை. பேத்தியை ஆஸ்பத்திரிக் கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்ததோடு சரி. மனைவி மட்டும் வாரா வாரம் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வந்ததும் நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பொம்மை பின்னுவாள், கேட்டவர்களுக்குக் கொடுப்பாள்.

நூல் என்றால் சாதா நூல் அல்ல. விரல் தடிமனில், பூனைக்குட்டி முதுகு மாதிரி மெத்துமெத்தென்று இருக்கும். வெட்டுகிற இடத்திலெல்லாம் ரோமம் உதிரும். காபியில் மிதக்கும். சோப்பில் ஒட்டும். மூக்குக் கண்ணாடியில் புல் முளைத்த மாதிரி நிற்கும். இன்றைக்கு மீசைக்கே வந்துவிட்டது.

கறார் கூடத்துக்குள் நுழைந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"இதோ பாரு. இன்னியோட இந்த நூல் சமாசாரம் முடிஞ்சுது. இனிமே நீ நூலைத் தொடக் கூடாது. தொடக் கூடாதுன்னா தொடக் கூடாது!"

மனைவி தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த கொக்கி ஊசியும் நிற்கவில்லை.

"சரிங்க."

கறார் தடுமாறிப் போனார். கத்துவதற்கு இன்னும் ஏழெட்டு வாக்கியம் கைவசம் இருந்தது.

"என்ன சரி?"

"தொடலைங்கறேன். ஆனா ஏத்துக்கிட்ட வேலை ஒண்ணு நிக்குது. முயல் பொம்மை. பத்து. அதை நீங்க பின்னி முடிச்சு, கேட்டவங்க வீட்டுல நேர்ல கொண்டுபோய் ஒப்படைச்சிடுங்க. நான் இந்த நிமிஷமே ஊசியைக் கீழ வெச்சுடறேன்."

"பத்தா!"

சிலருக்குச் சுவரில் கோணலாகத் தொங்குகிற படத்தைப் பார்த்தால் கை பரபரக்கும். கறாருக்கு ஓர் எண்ணைக் கேட்டால் அப்படி. அதைக் கீழே இறக்காமல் அவரால் மூச்சுவிட முடியாது. மீசை, பல் டாக்டர், சபதம் எல்லாம் மறந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பத்தாமே பத்து! ஊர் உலகத்துல விசாரிச்சுப் பாரு. எவன் பத்து பின்றான்? அரை."

"அரை முயலா? தலைப்பக்கமா, வால்பக்கமா?"

"ஒரு ஆரம்பத்துக்குச் சொன்னேன். நீ இறங்கு."

"கட்டுப்படியாகாது. இருந்தாலும் உங்க முகத்துக்காக எட்டு."

கறார் சிலிர்த்துக்கொண்டார். கட்டுப்படியாகாது என்பது அவருடைய வசனம். அவர் சாப்பாட்டையே அவருக்குப் பரிமாறுகிறாள். அடுத்த ஆயுதத்தை எடுத்தார். எழுந்தார். "அப்ப வேண்டாம், நான் வரேன்" என்று மூன்றடி நடந்தார். எதிராளி மூன்றாவது அடியில் கூப்பிடுவான், அதுதான் முறை. யாரும் கூப்பிடவில்லை. நாலாவது அடி குளியலறைக்குள் போயிற்று. உள்ளே சும்மா ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, குழாயைத் திறந்து மூடி, வெளியே வந்தார்.

"அஞ்சு" என்றாள் மனைவி.

"முக்கால்."

"மூணு. இதுதான் கடைசி."

"கடைசின்னு சொன்னவங்களை நான் நிறையப் பார்த்தாச்சு."

"ரெண்டு."

"ஒண்ணு! ஒண்ணே ஒண்ணு! அதுக்கு மேல ஒரு காதுகூட ஏத்த மாட்டேன். இஷ்டம்னா பாரு, இல்லைன்னா விடு!"

மனைவி பெருமூச்சு விட்டாள். ஊசியை மேஜைமேல் வைத்தாள். "உங்ககிட்ட பேசி யார் ஜெயிக்க முடியும்? ஒண்ணுன்னா ஒண்ணு. மீதிக்கு உங்களுக்கா மனசு வந்தா பார்த்துக்கலாம்."

"வராது!"

பத்தை ஒன்றாக்கியாயிற்று! கறார் சீட்டியடித்துக்கொண்டே கடைக்குத் திரும்பினார். தையல்காரரைக் கூப்பிட்டு, நடந்ததை ஒன்று விடாமல், குளியலறையை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னார்.

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"நீங்க முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே? அண்ணி நிறுத்தறதுக்கு நீங்க ஏன் பின்னணும்?"

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, தனக்கு வேண்டாத ஒரு சரக்கைப் பேரம் பேசி வாங்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் கறாருக்கு உறைத்தது.

"டேய், நீ ஒண்ணு தைச்சுக் குடுத்துடேன்."

"அந்த நூலைக் கிட்ட காட்டினாலே என் மிஷின் ஊசி ஒடிஞ்சுடும். அது கையாலதான் ஆகணும்ணே. அதுவும் உங்க கை."

ஆனால் பேசின பேச்சு பேச்சு. அதில் கறார் கறார்தான்.

பாடம் மறுநாள் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தது. மனைவி எதிரே உட்கார்ந்தாள், இரண்டு கையையும் மடியில் மடக்கி வைத்துக்கொண்டு.

"கொஞ்சம் பிடிச்சுக் காட்டேன்."

"நான் நூலைத் தொடக் கூடாதே. நீங்க போட்ட சட்டம். வாயால சொல்றேன். காதுல ஆரம்பிங்க, அதுதான் சின்னது. ஆறு கண்ணி போட்டு வட்டமா சேருங்க. அடுத்த சுத்துல ஒவ்வொரு கண்ணியிலயும் ரெண்டு. பன்னெண்டு வரும். ஆரம்பிச்ச இடத்துல ஊக்கைக் குத்தி வெச்சுக்குங்க. இல்லைன்னா சுத்து எங்க முடியுதுன்னே தெரியாது."

"கண்ணியே தெரியலையே! எல்லாம் ரோமமா இருக்கு. எந்த ஓட்டையில குத்தறது?"

"கண்ணால தேடாதீங்க. விரலால தடவிப் பாருங்க. ரோமத்துக்கு அடியில ரெண்டு இழை ஒண்ணா படுத்திருக்கும். அதுக்குள்ள ஊசியை விடுங்க."

கறார் தடவினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தடவினார். கழற்றிவிட்டுத் தடவினார். ஒரு அலமாரியை முழங்கையால் தட்டி அது தேக்கா, ஒட்டுப்பலகையா என்று சொல்கிற மனிதர், ஓர் ஓட்டையைக் காணாமல் வேர்த்து வழிந்தார். மூன்று நாள் கழித்து முதல் வட்டம் வந்தது. கடைக்கு எடுத்துப்போய், உயரமான அலமாரி ஒன்றின் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காதை மேலே ஏற்ற ஆரம்பித்தார்.

அன்று பார்த்து ஓர் ஆள் வந்து, போன மாதம் வாங்கின மேஜைக்கு ஒரு கால் குட்டை என்று சண்டை பிடித்தான். தரை மேடு பள்ளம் என்றார் கறார். கால்தான் குட்டை என்றான் அவன். கறார் அலமாரிக்குப் பின்னால் இருந்தபடியே கத்தினார். கத்தக் கத்தக் கை பின்னியது. ஆள் போன பிறகு காதைப் பார்த்தார். புட்டி மூடுகிற தக்கை மாதிரி இறுகிப்போய், ஒரு விரல் நீளத்தில் விறைத்து நின்றது. அதற்கு மேல் ஊசியே உள்ளே போக மாட்டேன் என்றது.

மனைவி தொடாமல், குனிந்து பார்த்தாள். "யாரோடயோ சண்டை போட்டுக்கிட்டே போட்டீங்களா?"

"அது எப்படித் தெரியும்?"

"கோபம் வந்தா கை இறுகும். கை இறுகினா கண்ணி இறுகும். எல்லாம் எழுதி வெச்ச மாதிரி தெரியுது."

"பிரிச்சுட்டு வேற போடறேன்."

"இந்த நூலைப் பிரிக்க முடியாதுங்க. ரோமமெல்லாம் கொட்டி மொட்டை நூல் மிஞ்சும். போட்டது போட்டதுதான். அப்படியே இருக்கட்டும்." அலமாரி மேலிருந்த பேத்தியின் படத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். குரலில் ஒன்றும் இல்லை. கறாருக்குத்தான் எங்கேயோ குத்திற்று.

அதற்குப் பிறகு உடம்பு, தலை, கால் என்று வேலை வளர்ந்தது. ஒரு விஷயம் கறாருக்குப் புரிய வந்தது. கத்திக்கொண்டே எண்ண முடியாது. எண்ணாவிட்டால் முயலுக்குத் தொந்தி ஒருபக்கம் சரிகிறது. ஆக, கடையில் சத்தம் குறைந்தது. ஒருநாள் ஓர் அம்மாள் சாய்வு நாற்காலியைக் காட்டி, "இது என்ன விலை?" என்றாள். கறார் அலமாரிக்குப் பின்னால் சுற்றின் நடுவில், கண்ணி எண்ணிக்கொண்டிருந்தார்.

"இருபத்திரண்டு" என்றது அலமாரி.

"ரெண்டாயிரத்து இருநூறா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

"இருபத்திமூணு."

"என்னங்க, ஏத்தறீங்க?"

"இருபத்திநாலு."

"போதும், போதும்! இருபத்திநாலுக்கே எடுத்துக்கறேன், நிறுத்துங்க!"

தையல்காரர் இதை மூன்று நாள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். கறாருக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் விரல் வரைக்கும் போய், கண்ணியில் முட்டி, திரும்பி வந்துவிட்டது. ராத்திரி நன்றாகத் தூங்கினார். மருந்துக்கு அடங்காத ரத்தக் கொதிப்பு அந்த மாதம் அடங்கியது. மருந்து கொடுத்த டாக்டர் தம் மருந்தை மெச்சினார். கறார் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது காதுதான் கடைசி வேலை. ஒரு விடுமுறை நாள் பகல், கூடத்தில் உட்கார்ந்து அதைப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி அடுக்களையில் போனை ஒலிபெருக்கியில் வைத்துவிட்டுப் பாத்திரம் துலக்கினாள்.

"ரெண்டு நாளா ஒரே அழுகைம்மா" என்றது மகளின் குரல். "பல்லு முளைக்குது. எதைக் குடுத்தாலும் தூக்கி எறியறா. கோபம்னா அப்படி ஒரு கோபம். யார் மாதிரின்னு உனக்கே தெரியும்."

"தெரியும், தெரியும்."

அப்புறம் குழந்தை ஏதோ சொன்னது. சொல் இல்லை, ஒரு கத்தல். விலையைக் குறைக்க மாட்டேன் என்கிற மாதிரி ஒரு கத்தல். அதன் முடிவில் ஒரு சிரிப்பு. கறார் ஊசியைப் பிடித்தபடியே இருந்தார். கை ஓடியது, மெதுவாக. போன் வைத்த பிறகும் ஓடியது. காதைக் கீழே வைத்தபோது அது முதல் காதைப்போல இரண்டு மடங்கு நீளம். துவண்டு, மெத்தென்று, பூனைக்குட்டி தூங்குகிற மாதிரி கிடந்தது. அதே நூல், அதே ஊசி. எண்ணிப் பார்த்தார். அதே கண்ணிக் கணக்கு.

இரண்டு காதையும் வைத்துத் தைத்து, கருப்பு நூலால் கண்ணைப் போட்டு முடித்தார். பிளாஸ்டிக் கண் வைக்கலாமே என்றார். "வேண்டாம், சின்னக் குழந்தை. பிய்ச்சு வாயில போட்டுக்கும்" என்றாள் மனைவி. அப்போதுகூட அவருக்குப் பொறி தட்டவில்லை.

"முடிஞ்சுது. யார் வீட்டுல குடுக்கணும்?"

மனைவி சொன்னாள்.

கறார் எழுந்தே விட்டார். "முடியாது! அந்த வீட்டுக்கு நான் போக மாட்டேன்!"

"நேர்ல ஒப்படைக்கணும்னு முதல்லயே சொன்னேனே. நீங்க பத்தைத்தான் பிடிச்சுத் தொங்கினீங்க. அதைப்பத்தி ஒரு வார்த்தை பேசலை. பேசாம ஒத்துக்கிட்டதுக்குக் கடைத்தெருவுல என்ன அர்த்தம்?"

கடைத்தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கறார் சட்டையை மாட்டிக்கொண்டார்.

கதவைத் திறந்தது மாப்பிள்ளை. கறார் முயலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். உள்ளே குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"வாங்க மாமா" என்றார் மாப்பிள்ளை, நேற்றுத்தான் பார்த்தவர் மாதிரி. அந்த மனுஷனின் குணமே அதுதான். சீட்டில் போட்டிருக்கிறதைக் கொடுத்துவிட்டு வருகிற குணம்.

"மாப்பிள்ளை... அந்தத் தொட்டில் விஷயத்துல..." என்று ஆரம்பித்தார். "பாதித் தப்பு என்மேல இருக்கு."

"பாதியா?" உள்ளேயிருந்து மகள் குரல்.

"முக்கால்."

"அப்பா."

"சரி, ஒரு பத்துல ஒம்பது பங்கு..."

மகள் வாசலுக்கு வந்துவிட்டாள். இடுப்பில் பேத்தி, அழுத முகத்தோடு. பதினோரு மாதத்தில் இப்படியா வளரும் ஒரு குழந்தை! கறார் எல்லாப் பேச்சையும் மறந்தார்.

"முழுசும்மா. முழுசும் என் தப்புதான். மாப்பிள்ளை, மன்னிச்சுடுங்க. நீங்க ஏமாளி இல்லை. நான்தான்..."

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்ட விலையைக் கொடுத்தார். ஆச்சரியம், கை லேசாக இருந்தது.

மாப்பிள்ளை பதறிப்போய் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். இழுத்த இழுப்பில் முயல் வெளியே வந்தது. பேத்தி பார்த்தாள். அழுகை நின்றது. இரண்டு கையாலும் பிடுங்கினாள். நீளக் காதைத் தள்ளினாள். தக்கை மாதிரி இறுகிப்போன குட்டைக் காது இருக்கிறதே, அதைக் கவ்வினாள். ஈறு வைத்து ஒரு கடி. காது அசையவில்லை. இன்னொரு கடி. இரண்டு நாளாக அதிர்ந்த வீடு அடங்கிப் போயிற்று.

"அம்மாடி" என்று மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இது எங்க வாங்கினீங்க?"

"வாங்கலை. போட்டேன்."

"யாரு?"

"நான்தான்."

மகள் நம்பாமல் முயலின் முதுகைத் தடவினாள். அம்மாவின் மகள், விரலுக்குத் தெரியும். கண்ணி கண்ணியாகத் தடவிக்கொண்டே போனாள். நீளக் காதுக்கு வந்தபோது விரல் நின்றது.

"அந்தக் காது கோபத்துல போட்டது. சரியா? இது எப்பப் போட்டதுப்பா?"

"இவ சிரிச்ச அன்னிக்கு" என்றார் கறார், பக்கத்தில் உட்கார்ந்து, போனை ஒட்டுக் கேட்டதை ஒத்துக்கொண்டு. பேத்தி அவர் மடிக்குத் தாவி வந்து, மீசையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. மீசை வலிதான் என்று எல்லாரிடமும் சொன்னார்.

பத்து நாள் கழித்து, மகளும் பேத்தியும் கடைக்கே வந்தார்கள். தையல்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"அப்பா, பகல்ல இவளை விடற குழந்தைகள் காப்பகத்துல பெரிய ரகளை. எல்லாக் குழந்தைக்கும் பல்லு முளைக்கிற வயசு. எல்லாருக்கும் இந்த முயலோட காதுதான் வேணுமாம். இவ யாரையும் கிட்ட விட மாட்டேங்கறா. நேத்து ஒருத்தனைக் கடிச்சுட்டா. நடத்தற அம்மா கேக்கறாங்க, இதே மாதிரி இன்னும் கொஞ்சம் போட்டுத் தர முடியுமான்னு."

கறாரின் நெஞ்சு ஓர் அங்குலம் விரிந்தது. தையல்காரர் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னார். "என் கைவேலையா? தாராளமா! எத்தனை வேணும்?"

"ஒம்பது. மொத்தம் பத்துக் குழந்தைங்க. அம்மாதான் முன்னாடியே காப்பகத்துக்குப் பத்து முயல்னு ஒத்துக்கிட்டாங்களே."

தையல்காரர் விரல் விட்டு எண்ணினார். ஒன்று. ஒன்பது. பிறகு அளவு நாடாவை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் நெடுநேரம் வந்தது.

பத்தில் ஆரம்பித்தாள். பத்திலேயே நிற்கிறாள். நடுவில் அவரை ஒன்று வரைக்கும் இறக்கிக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, அவர் வாயாலேயே மேலே ஏற்றியிருக்கிறாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கோபப்பட்டுப் பார்த்தார். வரவில்லை. தோளில் பேத்தியின் எச்சில் ஈரம் இன்னும் இருந்தது. மகள் பேசுகிறாள். மாப்பிள்ளை போன் பண்ணி, ஒரு கட்டில் வாங்கணும், கூட வரீங்களா மாமா என்கிறார். ரத்தக் கொதிப்பு இல்லை. இத்தனையும் யார் செய்த ஏற்பாடு? முப்பத்திரண்டு வருஷத்தில் அவளுக்கு ஒரு தடவைகூட நன்றி என்று சொன்னதில்லை. வழியெல்லாம் அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தார்.

மனைவி கையை மடியில் மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் ஒன்பது பை, நூல் கடையில் கட்டிக் கொடுத்தபடி. ஒவ்வொன்றிலும் ஒரு முயலுக்கு வேண்டிய நூல்.

"இந்தாம்மா" என்று தொண்டையைக் கனைத்தார். "உனக்கு ஒரு நன்றி சொல்லணும்."

"ஒண்ணா? பத்துல ஆரம்பிங்க, பேசிக்கலாம்."

சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே சொன்னார். விரல் விட்டு எண்ணிச் சொன்னார். ஒன்பதில் நிறுத்திப் பார்த்தார். அவள் விடவில்லை. பத்தாவதையும் வாங்கிக்கொண்டுதான் காபி கொண்டுவந்து வைத்தாள். அவ்வளவு நிறைந்த மனதோடு அந்தக் காபியைக் குடித்தவர், பாதியில் நிறுத்தினார்.

"ஒரு சிக்கல் இருக்கே. எல்லாருக்கும் அந்தக் கெட்டிக் காதுதான் வேணும். அது கோபத்துலதான் வரும். எனக்கு இப்பக் கோபமே வர மாட்டேங்குது. ஒம்பது காதுக்கு ஒம்பது கோபம். நான் எங்க போவேன்?"

"அதை நான் பார்த்துக்கறேன்."

"எப்படி?"

"அன்னிக்குக் காலையில நீங்க நாற்காலியில கண்ணசந்தப்போ, மீசையில நூலை ஒட்டினது யாருன்னு நினைச்சீங்க?"

"என்னது!" கறார் துள்ளி எழுந்தார். காபி சிதறியது. "நீயா? என் மீசையிலயா? அந்தப் பல் டாக்டர் சிரிச்ச சிரிப்பு என்ன, போன பெஞ்சு என்ன, தெருவே..."

"இருங்க, இருங்க. வீணாக்காதீங்க." மனைவி நூலைத் தொடாமல், ஊசியை மட்டும் எடுத்து அவர் கையில் வைத்தாள். "காதை ஆரம்பிங்க."

கறார் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கண்ணியைப் போட்டார். நல்ல கெட்டியாக விழுந்தது.